பேட்டரி முனையில் பூத்த நீலம்

நேற்று காலை பானட்டைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனை மேல் மாட்டியிருந்த சிவப்பு ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஈயம் அதே சாம்பல் நிறத்தில் இருந்தது. சுற்றிப் பூசிய வாசலின் ஜெல்லி மேல் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். வெள்ளைப் பொடி இல்லை, நீலப் பொடியும் இல்லை. இந்த முனையில் திரும்பத் திரும்பப் பூத்த பொடியை நிறுத்தும் வேலையை முடித்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய ஏழு மாதத்தில் இதே முனையை நான்கு தடவை சுத்தம் செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட இரண்டு மாதம் தாங்கியதில்லை. இனி எழுதலாம் என்று நேற்றுதான் தைரியம் வந்தது.

வண்டி 2007 மாடல், 800 சிசி பெட்ரோல் கார். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, மேலே திறந்து தண்ணீர் ஊற்றுகிற ஆறு மூடி வகை. ஊர் தூத்துக்குடி. வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். இங்கே கேட், ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எதை விட்டுவைத்தாலும் துரு பிடிக்கும். அதனால் ஜனவரியில் முதல்முறை பாசிட்டிவ் முனையில் பொடி பூத்திருந்ததைப் பார்த்தபோது, "உப்புக்காத்து, வேறென்ன" என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஒரு முடிவுதான் அடுத்த ஏழு மாதத்தையும் தின்றது.

முதல் தடவை செய்தது வெந்நீர் வைத்தியம். கொதிக்கக் கொதிக்க ஒன்றரை லிட்டர் தண்ணீரை முனை மேல் மெதுவாக ஊற்றினேன். பொடி கல்கண்டு மாதிரிக் கரைந்து ஓடியது. ஐந்து நிமிடத்தில் முனை சுத்தம். ஆனால் கரைந்தது எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. நேராகப் பேட்டரிக்கு அடியில் இருக்கிற இரும்புத் தட்டில் போய்த் தேங்கியிருக்கிறது. வெந்நீர் பொடியைக் கரைக்கும்; அதிலுள்ள ஆசிடை முறிக்காது. ஆறு மாதம் கழித்துப் பேட்டரியைத் தூக்கியபோது தட்டின் ஒரு மூலை அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது.

அன்றைக்கே இன்னொரு தவறும் செய்தேன். முனையைக் கழற்றும்போது பாசிட்டிவிலிருந்து தொடங்கினேன். 10 நம்பர் ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகரத்தில் பட்டது. 'படார்' என்று ஒரு நெருப்பு. ஸ்பேனரில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது, இன்னும் அப்படியே இருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பதை அந்த ஸ்பேனர் இன்றுவரை எனக்கு நினைவுபடுத்துகிறது. நெகட்டிவைக் கழற்றிவிட்டால், பாசிட்டிவில் இருக்கிற ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மோதிரம், கைக்கடிகாரம், காப்பு எதுவும் கையில் வேண்டாம். பக்கத்தில் பீடி, தீக்குச்சியும் வேண்டாம்; சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

மூன்று வாரத்தில் மறுபடி பூத்தது. இந்த முறை ஆப்பச் சோடா. இது சரியான வழிதான், இப்போதும் இதையேதான் செய்கிறேன். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோடா. முதலில் ஆறு மூடிகளும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு சொட்டு சோடாத் தண்ணீர் போனாலும் அது உள்ளே இருக்கிற ஆசிடைக் கெடுக்கும். கரைசலைக் கரண்டியால் முனை மேல் விட்டதும் சீறிக்கொண்டு நுரை பொங்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கவும், மறுபடி விடவும். நுரை வருகிறவரை ஆசிட் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நான்கு சுற்று தேவைப்பட்டது. கடைசியில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் அரை மணி நேரம் விட்டேன்.

சோடா எடுக்க அடுக்களைக்குப் போனபோது அம்மா, "செம்புக்கு பச்சை பூத்தா புளி போட்டுல்ல தேய்ப்போம்" என்றார். புளி போட்டால், முனையைக் கவ்விப் பிடிக்கிற பித்தளைக் கிளாம்ப் பளபளக்கும், உண்மைதான். ஆனால் புளியும் அமிலம். ஆசிட் தெறித்த இடத்தில் இன்னொரு அமிலத்தைத் தேய்ப்பதில் பயனில்லை.

சோடா வரை சரி. அதற்குப் பிறகு செய்தது தவறு. 120 நம்பர் உப்புத்தாளால் ஈய முளையையும் (பேட்டரி மேல் நீட்டிக்கொண்டிருக்கிற முனை) கிளாம்பின் உள்பக்கத்தையும் தேய்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே சைக்கிளுக்குப் போடுகிற கிரீஸைக் கெட்டியாக அப்பி மாட்டினேன். ஈயமும் கிளாம்பும் நேராகத் தொட வேண்டிய இடம் அது. காய்ந்த உலோகத்தோடு உலோகமாக மாட்டி, இறுக்கி முடித்த பிறகு வெளியில் பூசுவதுதான் முறை. அதோடு, உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த மணலும் அந்த கிரீஸிலேயே கிடந்தது.

அந்த வேலைக்குக் கட்டியிருந்த சாரத்தை (லுங்கி) துவைத்துக் காயப்போட்டபோது, தொடைப் பக்கத்தில் பதினைந்து இருபது ஓட்டைகள். தெறித்தபோது எதுவும் தெரியவில்லை. ஈரம் பட்டதாகக்கூடத் தோன்றவில்லை. துணியில் இப்படி என்றால் கண்ணில் பட்டிருந்தால் என்னவாகும் என்று பயந்துபோனேன். அதற்குப் பிறகு கண்ணாடி போடாமல் பேட்டரி பக்கம் போவதில்லை.

ஏப்ரலில் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற மோட்டார்) மந்தமாக எடுக்க ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் 'உர்ர்... உர்ர்' என்று இழுக்கும். கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் முனையைப் பார்த்தார், பேட்டரி மேலிருந்த தேதியைப் பார்த்தார். "ரெண்டு வருசம் ஆகப்போகுது. பேட்டரி போயிட்டு அண்ணாச்சி, மாத்திருங்க." மீட்டர் எதுவும் வைக்கவில்லை, நானும் வைக்கச் சொல்லவில்லை. பழையதைக் கொடுத்துப் புதியது 3,900 ரூபாய்.

புதியதை மாட்டியபோது செல்ஃப் நன்றாக எடுத்தது. ஐந்தாவது வாரம் புதுப் பேட்டரியிலும் அதே இடத்தில் பூத்தது. இந்த முறை வெள்ளை குறைவு, நீலம் அதிகம்.

அந்த நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளையாக, சாம்பல் கலந்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் ஈயத்திலிருந்து வந்தது. நீலமும் பச்சையுமாக இருப்பது செம்பிலிருந்து வந்தது. நாட்டுமருந்துக் கடையில் மயில்துத்தம் என்று வாங்குவோமே, அதே பொருள்தான். முளை ஈயம், அதில் செம்பு கிடையாது. அப்படியானால் அந்த நீலத்துக்குச் செம்பு எங்கிருந்து வருகிறது? பித்தளைக் கிளாம்பிலிருந்து கொஞ்சம் வரலாம். மீதி, கிளாம்பில் முறுக்கி வைத்திருக்கிற கேபிளிலிருந்துதான் வர வேண்டும். மே மாதமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். மறுபடி சோடா போட்டுக் கழுவிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

உப்புக்காற்று என்ற நம்பிக்கையை உடைத்தது என் மகள். எதிர்வீட்டில் ஒரு கார் நிற்கிறது. எங்கள் வண்டியைவிட இரண்டு வயது மூத்தது, கூரைகூட இல்லாமல் தெருவில்தான் கிடக்கும். ஒருநாள் அந்த வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து வைத்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, அவங்க பேட்டரியில ஒண்ணுமே இல்ல. காத்து அவங்களுக்கும் அதே காத்துதானே?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. உப்புக்காற்றால் வருவது இரும்பின் செந்துரு. சோடா பட்டால் பொங்குகிற பொடி காற்றிலிருந்து வருவதில்லை, பேட்டரிக்கு உள்ளேயிருந்து வருகிறது.

ஜூலை 26, பனிமய மாதா கோவில் கொடியேற்றம். குடும்பத்தோடு போய்விட்டுத் திரும்பும்போது, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே வண்டி எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டிக்'. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன்: பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பியபோதும் அது மங்கவே இல்லை. நான்கு பையன்கள் ஓடி வந்து தள்ளினார்கள். "செகண்ட் கியர்ல போட்டு விடுங்க அண்ணாச்சி!" வண்டி கிளம்பியது. வீடு வரும்வரை அந்த மங்காத வெளிச்சம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தால் செல்ஃப் இழுக்கும்போது விளக்கு செத்துப் போயிருக்க வேண்டும். மங்கவில்லை என்றால் பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

மறுநாள் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இதை ஜனவரியில் வாங்கியிருந்தால் இந்தப் பதிவு பாதி நீளம்தான் இருந்திருக்கும்.

காலையில் வண்டி ஆறியிருந்தபோது செல்ஃப் மந்தமாகவாவது சுற்றியது. அளப்பதற்கு அது போதும். மகள் சாவியைத் திருப்ப, நான் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். சும்மா நிற்கும்போது பேட்டரி 12.6. செல்ஃப் இழுக்கும்போது இரண்டு ஈய முளைகளுக்கும் நடுவே 10.8. இது ஆரோக்கியமான பேட்டரி. அடுத்து, மீட்டர் ஒயரின் ஒரு முள் பாசிட்டிவ் முளையின் உச்சியில், இன்னொன்று அதைக் கவ்வியிருக்கிற கிளாம்பில். செல்ஃப் இழுக்கும்போது அந்த இணைப்பில் இழப்பு 0.06 வோல்ட்தான். இங்கேயும் குறையில்லை. நான் ஏழு மாதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது இந்த இடத்தைத்தான்.

பிறகு ஒரு முள்ளைக் கிளாம்பிலும் இன்னொன்றை நீள ஒயர் வைத்து செல்ஃப் மோட்டார் ஆணியிலும் வைத்தேன். 1.7 வோல்ட். ஒரே ஒரு கேபிள், முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அதற்குள் 1.7 வோல்ட் காணாமல் போகிறது. இந்த மாதிரிக் கேபிளில் 0.2 தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

நெகட்டிவைக் கழற்றி, பிறகு பாசிட்டிவைக் கழற்றி, கேபிளை வெளியே எடுத்தேன். கிளாம்பிலிருந்து வரும் சின்ன சிவப்பு ஒயர்கள் எது எங்கே போகிறது என்று முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். விளக்குக்கு அந்தச் சின்ன ஒயர் வழியாகத்தான் கரண்ட் போகிறது. அதனால்தான் ஹெட்லைட் மங்கவில்லை. கேபிளின் மேல்தோல் கறுப்பாக, நல்லபடியாக இருந்தது. ஆனால் கையால் வளைத்தபோது கிளாம்ப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு 'நறநற' என்றது. பிளேடால் தோலைக் கீறினேன். உள்ளே கம்பிகள் இருந்த இடத்தில் ஈரமான பச்சை மாவு. விரலால் தொட்டால் கம்பி இழைகள் பழைய முறுக்கு மாதிரி உடைந்தன. தோலை உரித்துக்கொண்டே போனேன். 6 செ.மீ.யில் பச்சை குறைந்து கறுப்பு தொடங்கியது. 11 செ.மீ.யிலும் கறுப்பு. 18 செ.மீ. தாண்டித்தான் செம்பு செம்பாகத் தெரிந்தது, புளி போட்டுத் தேய்த்த குடத்தின் நிறத்தில். முனையில் விழுந்த ஆசிட்டை மெல்லிய கம்பி இழைகள், திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, தோலுக்குள் இழுத்துக்கொண்டே போயிருக்கின்றன. வெளியே எத்தனை தடவை கழுவினாலும் இது போயிருக்காது.

18 செ.மீ. வெட்டினால் நீளம் பற்றாது. புதிதாகச் செய்ய வேண்டியதுதான். பழையது 85 செ.மீ. இருந்தது, 25 சதுர மி.மீ. மெல்லிழைச் செம்புக் கேபிள் ஒரு மீட்டர் வாங்கினேன், 320 ரூபாய். கேபிள் முனையில் மாட்டுகிற உலோக லக்கை நானே சுத்தியலால் அடித்துப் பொருத்தலாம் என்று வீட்டில் முயன்றேன். பார்க்க நன்றாக இருந்தது. இழுத்தால் கையோடு வந்தது. ஒயரிங் கடையில் ஹைட்ராலிக் அமுக்கியில் வைத்து இரண்டு முனையும் அழுத்திக் கொடுத்தார்கள். இரண்டு லக்கும் கூலியும் சேர்த்து 100 ரூபாய். இந்த வேலையில் வீட்டுச் சுத்தியலை நம்பக் கூடாது. லக் முடிகிற இடத்தில் சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். உள்ளே பசை தடவிய வகை. சாதாரணக் குழாய் ஈரத்தைத் தடுக்காது.

கிளாம்ப் வாங்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சின்ன கார் பேட்டரிகளில் முளை ஒல்லி. கடையில் பொதுவாக எடுத்துக் கொடுப்பது தடித்த முளைக்கானது. "தகரம் ஒரு துண்டு வச்சு இறுக்கிக்கலாம்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு கடை ஏறி ஒல்லி முளைக்கானதை வாங்கினேன், ஜோடி 140. பாசிட்டிவ் முளை நெகட்டிவைவிட ஒரு சுற்று பெரியது, கிளாம்பும் அப்படித்தான். மாற்றி மாட்டினால் ஒன்று ஏறாது, இன்னொன்று ஆடும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஆசிட் ஏன் வெளியே வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றது. புதுப் பேட்டரியிலும் ஐந்தே வாரத்தில் பூத்ததே! புதுக் கேபிளை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி வைத்து, ஈய முளைகளில் மீட்டரை வைத்தேன். 15.3 வோல்ட். ஹெட்லைட்டைப் போட்டும் 15.1. இருக்க வேண்டியது 13.8-லிருந்து 14.5 வரை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பழைய பேட்டரிக்கு மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன், சில மாதம் அரை லிட்டர் வரை. நன்றாகப் பராமரிக்கிறோம் என்று திருப்தியாகவும் இருந்தது. அவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அதிகச் சார்ஜில் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குமிழியிடும்; குமிழி உடையும்போது ஆசிட் துளிகளும் சேர்ந்து மூடித் துளை வழியே வெளியே வரும். புதுப் பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்தேன். மூன்று மாதத்தில் ஆறு அறையிலும் மட்டம் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது.

பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவை (ஆல்டர்னேட்டர்) கழற்றுவது எனக்குத் தெரியாத வேலை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்தேன். வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது, மாற்றினார். பொருள் 780, கூலி 400. என் கண்முன்னாலேயே மீட்டர் வைத்துக் காட்டினார்: 14.2. லைட், ஃபேன் எல்லாம் போட்டால் 14.0.

கடைசிக் கட்டம், தட்டு. பேட்டரியை வெளியே எடுத்து, தட்டு முழுவதும் சோடாக் கரைசல் ஊற்றிப் பொங்கவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். நொறுங்கிய மூலையில் லேத் பட்டறையிலிருந்து கொண்டுவந்த தகரத் துண்டை வைத்து ரிவெட் அடித்தேன். ரெட் ஆக்ஸைடு இரண்டு பூச்சு, ஒரு நாள் காயவிட்டு மேலே கறுப்பு எனாமல். பேட்டரியைப் பிடித்து வைக்கிற ஜே போல்ட் ஒன்று துருவில் ஒல்லியாகிப் போயிருந்தது, அதையும் மாற்றினேன். பேட்டரி ஆடினால் முளையின் அடியில் இருக்கிற அடைப்பு விட்டுப்போய், அந்த வழியிலும் ஆசிட் கசியும். அதே காரணத்துக்காகத்தான், ஒட்டிக்கொண்ட கிளாம்பை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது. நான் பழைய பேட்டரியில் நெம்பியிருக்கிறேன். இப்போது போல்ட்டை முழுக்கத் தளர்த்தி, கிளாம்பின் வாயைக் கொஞ்சம் விரித்து, கையால் இட வலமாகத் திருகி எடுக்கிறேன்.

மாட்டியது: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில், காய்ந்த உலோகமாக. கையால் திருகிப் பார்த்தால் கிளாம்ப் அசையக் கூடாது, அந்த அளவு இறுக்கம் போதும். ஈயம் மெத்தென்றது, வெறியோடு இறுக்கினால் கிளாம்ப் விரிசல் விடும். அதன் பிறகு முனை, போல்ட், லக் எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி வாசலின். புதுக் கேபிளில் செல்ஃப் இழுக்கும்போது 0.15 வோல்ட். சாவியைத் திருப்பியதும், முழுதாக ஒரு சுற்று முடிவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பதினேழு வருடம் ஓட்டிய வண்டி. இவ்வளவு சட்டென்று எடுக்கும் என்பதையே மறந்து போயிருந்தேன். உள்ளே உட்கார்ந்து இரண்டு தடவை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தேன்.

கணக்கு: மீட்டர் 350, கேபிள் 320, லக்கும் கூலியும் 100, கிளாம்ப் 140, ரெகுலேட்டர் 780, கூலி 400, ரெட் ஆக்ஸைடும் எனாமலும் 180, ஆப்பச் சோடா 15. மொத்தம் 2,285 ரூபாய். சுருங்கும் குழாய் முன்பே வீட்டில் கிடந்தது. ஏப்ரலில் மாற்றிய பேட்டரியின் 3,900 இதில் சேரவில்லை. பழையது உண்மையிலேயே தீர்ந்திருந்ததா என்று சோதிக்காமலே கொடுத்துவிட்டேன்.

மறுபடி செய்வதாக இருந்தால், முதல் நாளே எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு வோல்ட் என்று பார்ப்பேன். ஒரு நிமிட வேலை. அடுத்து, நீலத்தைப் பார்த்த அன்றே கேபிளை வளைத்துப் பார்ப்பேன். சோடாவும் வாசலினும் அதற்குப் பிறகுதான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அன்றைக்கு நெகட்டிவ் முளைக்கும் எஞ்சினுக்கும் நடுவே அளந்ததில் 0.3 வோல்ட் வந்தது. வண்டி எடுப்பதால் அதை விட்டு வைத்தேன். நேற்று மறுபடி அளந்தேன்: 0.4. அந்த இரண்டையும் இணைக்கிற எர்த் கேபிளின் நீளம் 45 செ.மீ.; எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.